கட்டணச் சீட்டின் மறுபக்கம்

(திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களிடையே, வீட்டு மின்சாரம், எரிவாயு, குடிநீர்ச் செலவு குறித்து ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சாலை அங்காடியில் மூட்டை சுமப்போரும், கட்டுமானப் பணிக்குச் செல்வோரும், வீட்டுவேலை செய்யும் பெண்களும் அமர்ந்திருக்கும் ஓர் அவையில் சிக்கனத்தைப் பற்றிப் பேசுவதற்குச் சிறிது கூச்சம் வேண்டும். ஓர் அறை, ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி என்று வாழும் குடும்பத்திடம் மின்சாரத்தை வீணாக்காதீர் என்று சொல்வது, ஒருவேளைக் கஞ்சி குடிப்பவனிடம் உணவுக் கட்டுப்பாட்டை வலியுறுத்துவதைப் போன்றது. ஆண்டுதோறும் டிசம்பர் 14ஆம் நாள், தேசிய எரிசக்திச் சேமிப்பு நாளில், இத்தகைய அறிவுரைகள் அரைப் பக்க விளம்பரங்களாக வெளிவருகின்றன. அந்த விளம்பரங்களில் காணப்படும் வீடுகளில் குளிர்சாதனப் பொறியும் சலவை இயந்திரமும் இருக்கும். இங்கே அமர்ந்திருப்போரில் பலருடைய வீடுகளில் மீட்டரே தனியாக இல்லை.

ஆயினும் கட்டணச் சீட்டு இரண்டு மாதத்திற்கு ஒருமுறை தவறாமல் வருகிறது. கூலி உயர்வுக்கான போராட்டம் வெற்றிபெற ஆறு மாதமோ ஓராண்டோ ஆகலாம். மின்வாரியம் அதுவரை காத்திருக்காது. ஆகவே அந்தச் சீட்டை எப்படிப் படிப்பது, எந்த இடத்தில் பணம் கசிகிறது, அதில் எவ்வளவு வீட்டிற்குள் அடைக்கக்கூடியது, எவ்வளவு வீட்டிற்கு வெளியே போராடி அடைக்க வேண்டியது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் மின்சாரம். 2023 நவம்பர் 1 முதல் கேரளத்தில் நடைமுறைக்கு வந்த கட்டண அட்டவணையை எடுத்துக்கொள்வோம். அதன் பின்னர் யூனிட்டுக்குச் சில பைசாக்கள் கூடியுள்ளன. ஆனால் அட்டவணையின் அமைப்பு மாறவில்லை. மாதத்தில் முதல் 50 யூனிட்டுக்கு 3 ரூபாய் 25 காசு, அடுத்த 50க்கு 4.05, அதற்கடுத்த 50க்கு 5.10, பின்னர் 6.95, 201 முதல் 250 வரை 8.20. இதுவரை படிக்கட்டு முறை. மேலே ஏறினாலும் கீழ்ப்படிகளுக்கான குறைந்த விலை நிலைத்திருக்கிறது. 250ஐக் கடந்துவிட்டால் படிக்கட்டே இல்லை. முதல் யூனிட்டிலிருந்தே எல்லா யூனிட்டுக்கும் ஒரே விலை, 6 ரூபாய் 40 காசு. 250 யூனிட் பயன்படுத்தியவருக்கு ஆற்றல் கட்டணம் 1,377 ரூபாய் 50 காசு. 251 பயன்படுத்தியவருக்கு 1,606 ரூபாய் 40 காசு. அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை ஏறத்தாழ 229 ரூபாய்!

இது வசதியுள்ளவர்களின் கவலை அல்லவா, தொழிலாளி வீட்டில் 250 யூனிட் எங்கே ஓடுகிறது என்று சிலர் எண்ணக்கூடும். இங்கேதான் சற்று நின்று கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்நகரின் வரிசை வீடுகளில் மூன்று குடும்பங்களுக்கு ஒரே மீட்டர் என்பது சாதாரணக் காட்சி. ஒவ்வொரு குடும்பமும் மாதம் 90 யூனிட் பயன்படுத்துவதாக வைத்துக்கொள்வோம். தனித்தனி மீட்டர் இருந்தால் ஒரு குடும்பத்தின் ஆற்றல் கட்டணம் 324 ரூபாய் 50 காசு, மூன்றுக்கும் சேர்த்து 973 ரூபாய் 50 காசு. அதே மூன்று குடும்பங்கள் ஒரே மீட்டரில் இருந்தால் மொத்தம் 270 யூனிட். 250ஐக் கடந்துவிட்டதால் எல்லாமே 6.40 விலையில், 1,728 ரூபாய். மாதத்திற்கு 754 ரூபாய் 50 காசு கூடுதல். இரண்டு மாதச் சீட்டில் 1,509 ரூபாய். மூவரில் ஒருவரும் ஒரு விளக்கைக்கூட அதிகமாக எரிக்கவில்லை. அதிகம் நுகர்வோரிடம் அதிகம் வாங்குவது என்ற நியாயமான நோக்கத்தோடு வகுக்கப்பட்ட அட்டவணை, மீட்டர் ஒன்றாக இருப்பதால் ஏழைக் குடும்பத்தைப் பணக்காரர் பட்டியலில் உட்கார வைத்துவிடுகிறது.

இதற்கு மேல் வீட்டுச் சொந்தக்காரர் யூனிட்டுக்குத் தாமே ஒரு விலை வைத்து வாங்குவதும் உண்டு. அது தனிக் கதை.

இதற்குப் பரிகாரம் என்ன? மின்சாரச் சட்டம் 2003இன் 43ஆவது பிரிவு, ஓர் இடத்தின் உரிமையாளர் அல்லது அங்கே குடியிருப்பவர் விண்ணப்பித்தால் மின்இணைப்பு வழங்கப்பட வேண்டும் என்று கூறுகிறது. குடியிருப்பவர் என்ற சொல் அதில் இருக்கிறது. வாடகைக்காரர் என்பதற்காக ஒருவரை வாசலிலேயே திருப்பி அனுப்ப முடியாது. குடியிருப்பைக் காட்டும் ஆவணம் கேட்பார்கள், வைப்புத்தொகை கேட்பார்கள், வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். மூன்று இணைப்புக்கும் நிலைக்கட்டணம் தனித்தனியே செலுத்த வேண்டியிருக்கும். அதையெல்லாம் கழித்த பிறகும் மிஞ்சும் தொகை, விளக்குகளை அணைத்து அணைத்துச் சேமிக்கும் தொகையைவிடப் பல மடங்கு பெரிது. ஆகவே ஒரே மீட்டரில் இருப்போர் முதலில் எண்ண வேண்டியது இதைத்தான்.

இனி வீட்டிற்குள் வருவோம். பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கிறது. நாளொன்றுக்கு 12 மணி நேரம் சுழன்றால் மாதம் 27 யூனிட். பி.எல்.டி.சி. என்ற புதுவகை விசிறி ஏறத்தாழ 30 வாட்டில் அதே காற்றைத் தருகிறது. மாதம் 11 யூனிட்டுக்கும் குறைவு. இரண்டு விசிறிகளை மாற்றினால் 32 யூனிட் மிச்சம். இந்தக் கணக்கை எல்லா நூல்களும் இத்தோடு நிறுத்திவிடுகின்றன. அடுத்த வரியையும் எழுதிப் பார்க்க வேண்டும். மாதம் 270 யூனிட் எரிக்கும் வீட்டில் இந்த 32 யூனிட் குறைந்தால் அவர் 250க்குக் கீழே வந்துவிடுகிறார். கட்டணத்தில் 449 ரூபாய் வரை குறைகிறது. 90 யூனிட் எரிக்கும் வீட்டிலோ அதே 32 யூனிட்டுக்குக் குறைவது 130 ரூபாய். விசிறி ஒன்றின் விலை 3,000 ரூபாய் என்று கொண்டால், முன்னவர் போட்ட பணத்தைச் சற்றேறக்குறைய ஓராண்டில் மீட்டுவிடுகிறார். பின்னவருக்கு நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அதற்குள் அவர் எத்தனை வாடகை வீடு மாறியிருப்பாரோ! சிக்கனம் செய்வதற்கும் மூலதனம் வேண்டியிருக்கிறது, தோழர்களே. அது இல்லாதவரைப் பார்த்து விழிப்புணர்வு இல்லாதவர் என்று பெயர் சூட்டுவது எளிது.

இந்தச் சிக்கலுக்கு ஒரு வழியைக் கேரளமே காட்டியிருக்கிறது. குண்டு பல்புகளை ஒழிக்கும் 'இழையற்ற கேரளம்' திட்டத்தை முதலமைச்சர் பினராயி விஜயன் 2021 ஜனவரியில் தொடங்கி வைத்தார். 9 வாட் எல்.இ.டி. பல்பு 65 ரூபாய்க்கு, அதுவும் மின்கட்டணச் சீட்டோடு சேர்த்துத் தவணையில் செலுத்தும் வகையில் மின்வாரியத்தால் வழங்கப்பட்டது. பழைய பல்புகள் திரும்பப் பெறப்பட்டன. அதற்கு முன்பே காசர்கோடு மாவட்டத்தின் பீலிக்கோடு ஊராட்சி வீடு வீடாகச் சென்று குண்டு பல்புகளை மாற்றி, இழையற்ற ஊராட்சி என்ற பெயரைப் பெற்றிருந்தது. 60 வாட் பல்பு நாளுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதம் 9 யூனிட். 9 வாட் பல்புக்கு 1.35 யூனிட். கையில் ரொக்கம் இல்லாதவரும் மாறிக்கொள்ள முடிந்தது என்பதுதான் அத்திட்டத்தின் சிறப்பு. மின்விசிறிக்கும் இதே தவணை முறை வேண்டும் என்ற கோரிக்கையைக் குடியிருப்போர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் எழுப்ப வேண்டும். கூரைமேல் சூரியமின் தகடு பற்றி இப்போது பெரிதாகப் பேசப்படுகிறது. நல்லதே. ஆனால் கூரை சொந்தமாக இருப்பவருக்குத்தான் அது.

எந்த நேரத்தில் பயன்படுத்துகிறோம் என்பதும் கணக்கில் வருகிறது. கேரளம் தனக்கு வேண்டிய மின்சாரத்தின் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்குகிறது. பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940இல் இயங்கத் தொடங்கியது. 780 மெகாவாட் இடுக்கி 1976இல் வந்தது. அதன் பின்னர் அந்த அளவுக்கு ஒரு நிலையம் இம்மாநிலத்திற்குள் எழவில்லை. 2024 மே முதல் வாரத்தின் புழுக்கத்தில் மாநிலத்தின் உச்சத் தேவை 5,700 மெகாவாட்டைக் கடந்தது. ஒரு நாள் நுகர்வு 11 கோடி யூனிட்டைத் தாண்டியது. மாலை ஆறு முதல் பத்து வரை என்றிருந்த நெருக்கடி, குளிர்சாதனப் பொறிகளின் பெருக்கத்தால் நள்ளிரவு வரை நீண்டது. அந்த நேரத்தில் வாங்கும் மின்சாரத்தின் விலைதான் பின்னர் கூடுதல் கட்டணமாக எல்லோர் சீட்டிலும் இறங்குகிறது, ஒற்றை விசிறிக்காரர் சீட்டிலும். இஸ்திரி, மாவரைத்தல், மோட்டார் போட்டு நீரேற்றுதல் ஆகியவற்றை உச்ச நேரத்திலிருந்து காலைக்கு மாற்றச் சொல்வது இதனால்தான்.

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் உறவினர் உள்ள குடும்பங்கள் ஒரு கேள்வியை அடிக்கடி கேட்கின்றன. தமிழ்நாட்டில் 2016 முதல் இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் எல்லா வீடுகளுக்கும் இலவசம், இங்கே ஏன் இல்லை? நியாயமான கேள்வி. அளவு குறைந்த நுகர்வுக்கு விலக்கு வேண்டும் என்ற கோரிக்கையில் தவறேதும் இல்லை. அதே நேரத்தில் விலக்கோ மானியமோ தரும் அதிகாரம் மாநிலத்தின் கையில் தொடர்ந்து இருக்குமா என்பதையும் கவனிக்க வேண்டும். 2022 ஆகஸ்ட் 8 அன்று மக்களவையில் வைக்கப்பட்டு நிலைக்குழுவுக்கு அனுப்பப்பட்ட மின்சாரத் திருத்த மசோதா, ஒரே பகுதியில் பல நிறுவனங்கள் விநியோகம் செய்ய வழி திறந்தது. இலாபம் தரும் வணிக வளாகங்கள் தனியாரிடமும், வரிசை வீடுகள் மின்வாரியத்திடமும் என்று பிரிந்தால், உயர்ந்த கட்டணம் செலுத்துவோரிடமிருந்து பெற்று ஏழைக்குக் குறைத்துக் கொடுக்க வாரியத்திடம் எதுவும் மிஞ்சாது. ஸ்மார்ட் மீட்டரைத் தனியார் முதலீட்டில் பொருத்தி, அந்தச் செலவைப் பல ஆண்டுகளுக்கு நுகர்வோரிடம் வசூலிக்கும் முறையைக் கேரளம் ஏற்க மறுத்ததும் இதே காரணத்தால்தான்.

அடுத்து அடுப்பு. இங்கே கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் ஒரு சிறிய படைப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1962இல் தோன்றிய இந்த மக்கள் அறிவியல் இயக்கத்தைச் சைலண்ட் வேலி போராட்டத்தால் நாடு அறியும். அவ்வியக்கம் வீட்டு அடுப்பையும் விட்டுவைக்கவில்லை. 1980களில் விறகைக் குறைவாக உண்ணும் புகையில்லா அடுப்பைப் பரப்பியது. அதன் பின்னர் மலையாளிகள் சமையலறைக்குள் கொண்டுவந்தது சூடாறாப் பெட்டி. பெயரே தமிழருக்கு விளக்கம் வேண்டாதது.

அதன் தத்துவம் எளியது. திறந்த பானையில் நீர் கொதித்துவிட்ட பிறகு அதன் வெப்பம் 100 டிகிரிக்கு மேல் ஏறாது. அடுப்பை எவ்வளவு பெரிதாக எரித்தாலும் அந்தக் கூடுதல் தீ நீராவியாகப் போகுமே தவிர அரிசியை விரைவாக வேகவைக்காது. மட்டை அரிசியை வழக்கமான முறையில் சமைக்கும் பெண், கொதி வந்த பிறகு அரை மணி நேரமோ அதற்கு மேலோ வெறும் ஆவியை உண்டாக்குவதற்காக எரிவாயுவைச் செலவிடுகிறாள். சூடாறாப் பெட்டியில், அரிசி கொதித்துச் சில நிமிடங்கள் ஆனதும் மூடியோடு பானையை இறக்கி, வெப்பம் கடத்தாத சுவருள்ள பெட்டிக்குள் வைத்து மூடிவிட வேண்டும். உள்ளே இருக்கும் சூட்டிலேயே அரிசி வெந்துவிடும். வேலைக்குப் போகும் முன் வைத்துவிட்டுப் போகலாம். அடிபிடிக்காது, பொங்காது, பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. நாளுக்கு அரை மணி என்றாலும் மாதத்தில் 15 மணி நேரம் அடுப்பு எரியாமல் இருக்கிறது. பெட்டி வாங்க வழியில்லாதவர் தெர்மோகோல் பெட்டியிலோ, வைக்கோல் அல்லது பழைய துணி அடைத்த மரப்பெட்டியிலோ இதைச் செய்து பார்க்கலாம். குக்கர் வைத்திருப்போருக்கு இதன் தேவை குறைவு. பெரிய பானையில் ஐந்தாறு பேருக்கு வடிக்கும் வீடுகளுக்கே இதன் பயன் மிகுதி.

2023 மார்ச்சில் வீட்டு எரிவாயு உருளைக்கு ஒரே நாளில் 50 ரூபாய் ஏற்றப்பட்டு, டெல்லியிலேயே விலை 1,100 ரூபாயைக் கடந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் 200 ரூபாயும், 2024 மார்ச் 8 அன்று, மகளிர் நாளில், 100 ரூபாயும் குறைக்கப்பட்டன. அடுத்த சில வாரங்களில் மக்களவைத் தேர்தல் வந்தது. 2025 ஏப்ரலில் மீண்டும் 50 ரூபாய் ஏறியது.

மூன்றாவது குடிநீர். திருவனந்தபுரத்தின் குழாய் நீருக்கு நீண்ட வரலாறு உண்டு. கரமனை ஆற்றில் அருவிக்கரையிலிருந்து நீரெடுக்கும் திட்டம் 1933இல், அன்றைய வைசிராய் வில்லிங்டன் பிரபுவின் பெயரில் தொடங்கியது. நகரம் பெருகியபின் மேற்கே ஓடும் அதே ஆற்றின் மேற்பகுதியில் பேப்பாறை அணை 1983இல் எழுந்தது. இன்றும் இந்நகரம் அந்த ஓர் ஆற்றையே நம்பியிருக்கிறது.

2023 பிப்ரவரி 3 முதல் கேரள நீர் ஆணையம் லிட்டருக்கு ஒரு பைசா கட்டணம் உயர்த்தியது. ஒரு பைசா என்று கேட்கும்போது அற்பமாகத் தோன்றும். ஆயிரம் லிட்டருக்கு 4 ரூபாய் 41 காசாக இருந்தது 14 ரூபாய் 41 காசானது. மாதம் 5,000 லிட்டர் வரையிலான குறைந்தபட்சக் கட்டணம் 22 ரூபாய் 5 காசிலிருந்து 72 ரூபாய் 5 காசானது. 10,000 லிட்டர் பயன்படுத்தும் குடும்பத்திற்கு மாதம் 100 ரூபாய் கூடுதல். இதை உயர்த்தியது இடது ஜனநாயக முன்னணி அரசு. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. 2020இல் மாநிலங்களுக்குக் கூடுதல் கடன் வாங்க அனுமதி அளித்தபோது, குடிநீர், கழிவுநீர்ச் சேவைகளுக்குப் பயனர் கட்டணத்தை உயர்த்துவதையும் ஒன்றிய அரசு நிபந்தனைகளில் ஒன்றாக வைத்தது உண்மை. ஆணையத்தின் கடன்சுமையும் உண்மை. ஆயினும் மும்மடங்குக்கும் மேலான உயர்வை ஒரே நாளில் இறக்கியது சரியா என்ற கேள்வியை உழைக்கும் மக்கள் கேட்டால், அவர்களை எதிர்க்கட்சியின் குரலாகப் பார்க்கக் கூடாது.

வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பங்களுக்கு மாதம் 15,000 லிட்டர் வரை கட்டணம் இல்லை என்ற பாதுகாப்பு நீடிக்கிறது. இது பெரிய ஆறுதல். இதற்கும் ஒரு கணக்கு உண்டு. நகரவாசி ஒருவருக்கு நாளுக்கு 135 லிட்டர் வழங்க வேண்டும் என்பது அரசுத் திட்டமிடலில் கையாளப்படும் அளவுகோல். நால்வர் கொண்ட குடும்பம் அந்த அளவில் பயன்படுத்தினால் 30 நாளில் 16,200 லிட்டர் ஆகிறது. அரசு தானே தேவை என்று ஏற்றுக்கொண்ட அளவைப் பயன்படுத்தினாலே இலவச எல்லையை 1,200 லிட்டர் கடந்துவிடுகிறது. ஐவர் என்றால் ஆளுக்கு நாளுக்கு 100 லிட்டருக்குள் நிற்க வேண்டும். இலவச எல்லை குடும்பத்தின் தலைக்கணக்கைப் பார்ப்பதில்லை. அது மாற வேண்டும். மாறும் வரை, விலக்குப் பெற்ற குடும்பங்கள் ஒவ்வொரு மீட்டர் கணக்கெடுப்பிலும் இந்த எண்ணைக் கவனித்தே ஆக வேண்டும்.

வீட்டிற்குள் நீர் எங்கே போகிறது? கழிப்பறைத் தொட்டியின் கசிவையும், மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிவதையும்தான் முதலில் பார்க்க வேண்டும். குழாயடியில் ஒரு லிட்டர் பாத்திரத்தை வைத்துப் பாருங்கள். பத்து நிமிடத்தில் நிறைந்தால் நாளுக்கு 144 லிட்டர், மாதத்திற்கு 4,320 லிட்டர் போகிறது. குறைந்தபட்சக் கட்டணத்திற்குரிய அளவை ஏறக்குறைய முழுவதுமாக ஒரு பழுதான வாஷர் குடித்துவிடுகிறது. எல்லாக் குழாய்களையும் அடைத்துவிட்டு மீட்டரைப் பார்த்தால், அதன் சக்கரம் அப்போதும் சுழன்றால், எங்கோ கசிகிறது என்று பொருள். இந்தச் சோதனைக்குக் காசு தேவையில்லை.

வீட்டிற்கு வெளியே? வழங்கப்படும் நீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கட்டணக் கணக்கில் வராமல் போகிறது. பழைய குழாய்கள் உடைந்து தெருவில் ஆறாக ஓடும் காட்சி இந்நகரவாசிக்குப் புதிதல்ல. 2024 செப்டம்பரில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். நாகர்கோவில் ரயில் பாதையை இரட்டிப்பாக்கும் பணிக்காகத் தண்டவாளத்தின் அடியில் செல்லும் பெருங்குழாய்களை மாற்றியமைக்கும் வேலை 5ஆம் தேதி தொடங்கியது. 48 மணி நேரம் என்றார்கள். நான்கு நாட்களுக்கு மேலாகியும் 44 வார்டுகளில் குழாய்கள் வறண்டு கிடந்தன. 9ஆம் தேதி பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது, பல்கலைக்கழகத் தேர்வுகள் தள்ளிவைக்கப்பட்டன. பணமுள்ளவர் டேங்கர் வரவழைத்தார். மற்றவர் வீடுகளில் குடத்தோடு வரிசையில் நின்றவர்கள் பெண்கள், பலர் அன்றைய கூலியை இழந்து நின்றார்கள். நீர்ச் சிக்கனம் என்று பேசப்படும்போதெல்லாம் அந்தச் சிக்கனத்தைச் செய்யும் கை யாருடையது என்பதை ஆண் தோழர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். பாத்திரம் கழுவிய நீரை எடுத்துக் கழிப்பறைக்கு ஊற்றுவதும் ஒரு வேலைதான். அதற்கும் முதுகு வலிக்கும்.

மழையை மறந்துவிடக் கூடாது. இரண்டு பருவமழையும் பெறும் இந்நகரில் ஆண்டுக்குச் சுமார் 1,800 மில்லிமீட்டர் பெய்கிறது. 50 சதுர மீட்டர் கூரையில் விழுவது 90,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 72,000 லிட்டர் கிடைக்கும். எல்லாவற்றையும் தொட்டியில் சேமிக்க இயலாது. ஆனால் மணலும் சரளையும் நிறைத்த ஒரு வடிகட்டி வழியே கிணற்றுக்குள் விட்டால் கோடையில் கிணறு பேசும். திருச்சூர் மாவட்டத்தில் 'மழைப்பொலிமா' என்ற திட்டம் இதைத்தான் பெருமளவில் செய்து காட்டியது. வரிசை வீடுகளில் பொதுக் கிணறு ஒன்று இருந்தால், நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கக்கூடிய வேலை இது. வீட்டுக்காரரின் ஒப்புதலைக் கேட்டுக்கொள்ளுங்கள். கிணறு அவருடையது என்பதால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்.

அடுத்த கூட்டத்திற்கு வரும்போது ஒவ்வொரு குடும்பமும் கடந்த ஓராண்டின் ஆறு மின்கட்டணச் சீட்டுகளையும், குடிநீர்ச் சீட்டுகளையும் எடுத்துவர வேண்டும். ஒரே மீட்டரில் எத்தனை குடும்பம் என்பதையும், உங்கள் தெருவில் எந்த இடத்தில் குழாய் கசிகிறது என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். தனி இணைப்புக்கான விண்ணப்பங்களை அன்றே நிரப்பிவிடலாம். கசிவுப் பட்டியலை வார்டு வாரியாகத் தொகுத்து நீர் ஆணையத்தின் பிரிவு அலுவலகத்தில் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தையும் வாங்கி வருவது என்று ஏற்பாடு.